ஆறு சதவீதம்

சிறுவயலுக்கு மேற்கே, கண்மாய்க்கரை தாண்டி
வெள்ளைக்கண்ணுவின் கொல்லை நடுவில்
கம்பம் ஒன்று நட்டிருக்கிறோம்.
ஆள் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி.
செல்போன் டவர் என்று நினைத்து
இரண்டு பேர் தாசில்தாரிடம் மனுக்கூடக் கொடுத்தார்கள்.
பேசுகிற பெட்டி இல்லை அது. எண்ணுகிற பெட்டி.

எப்போதோ, எங்கோ, ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்தது.
அந்தச் சாவின் துகள்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன;
காற்றில் மோதி, உடைந்து, நியூட்ரானாகி
உழுது போட்ட செம்மண்ணில் இறங்குகின்றன
சத்தமில்லாமல், இரவு பகல் பாராமல்.
காய்ந்த மண் திருப்பி எறியும்.
ஈர மண் விடாது:
தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன்
தன் எடையே உள்ள விருந்தாளியை மறித்து
ஓட்டத்தை அடக்கி உட்கார வைத்துவிடும்.
திரும்பி வருவது குறைந்தால்
மண் நனைந்திருக்கிறது.
இவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.
இதற்கு நான்கு வருஷப் பணம், பழைய ஜீப் ஒன்று, நான்.

ஆடி பாதி போயிருந்தது. மழை இல்லை.
மணிக்கு ஆயிரத்து நானூறு வந்த எண்
ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் சரியத் தொடங்கி
விடிவதற்குள் ஆறு சதவீதம் இறங்கியிருந்தது.
காரைக்குடி அறையில் திரையைப் பார்த்தபடி
அந்தப் பக்கம் மட்டும் பெய்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு விட்டிருக்கலாம்.
"ஈரம் ஏறியிருக்கு" என்று
குறுஞ்செய்தி அனுப்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது
உரித்த விதைக்கடலை சாக்கில் இருந்தது.
வாடகை டிராக்டர் நின்றது. கூலிக்கு ஆறு பெண்கள்.
வெள்ளைக்கண்ணு குத்துக்காலிட்டு
மணிக்கட்டுவரை மண்ணில் கையை விட்டு
எடுத்துக் காட்டினார்.
புழுதி.
விரலிடுக்கில் செம்பராங்கல் துணுக்கு ஒன்று.

"டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை.
"பெட்டி பொய் சொல்லுதா?"

மலை ஆய்வகத்தில் இருக்கும் ஜொகராவைக் கூப்பிட்டேன்.
அவளிடமும் ஒரு எண்ணி உண்டு, பாறைமேல், மண்ணே படாமல்.
"இங்கேயும் விழுந்திருக்குடி" என்றாள்,
"எல்லா ஊர்லேயும் விழுந்திருக்கு.
சூரியன் தும்மியிருக்கு."
அந்தத் தும்மல் பூமியைக் கடக்கும்போது
தூரத்திலிருந்து வருகிற துகள்களை
வாசலிலேயே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது.
வந்தது குறைவு, அதனால் திரும்பியதும் குறைவு.
அவள் எண்ணால் வகுத்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும்.
அவசரத்தில் வகுக்கவில்லை.

அவரிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்.
கேட்டுவிட்டுக் கேட்டார்:
"சூரியன் காயத்தானே வைக்கும்?
ஈரம்னு எப்படிப் பொய் சொல்லும்?"

டிராக்டர்காரர் வந்த பாவத்துக்கு எழுநூறு வாங்கிக்கொண்டார்.
பெண்களுக்கு அரைக் கூலி.
நான்தான் கொடுத்தேன்.
திட்டக் கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து எண் மறுபடி இறங்கியது.
மலை எண்ணி அசையவில்லை.
இந்த முறை செய்தி அனுப்பாமல்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
சேற்றில் நடந்து போனேன்.
அவர் மூன்றாவது சால் ஓட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்,
வா என்றா, ஓரமாய்ப் போ என்றா, தெரியவில்லை.

இப்போது கட்டுரை எழுதுகிறேன்.
நாற்பது நாள் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்
காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில்
ஒரு சின்னப் பள்ளம் தெரிகிறது.
காற்றழுத்தம் இல்லை, பனி இல்லை, சூரியன் இல்லை.
ஒருநாள் இருட்டோடு போய்ப் பார்த்தேன்:
கம்பத்தில் முதுகைச் சாய்த்து
பெட்டியை ஒட்டினாற்போல் நின்று
பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார் வெள்ளைக்கண்ணு.
ஒரு மனிதனுக்குள் எவ்வளவு தண்ணீர்!
பெட்டி அதையும் விடாமல் கழித்திருக்கிறது.

திருத்தங்கள் என்ற பத்தியில்
அழுத்தம், ஆவி, வரும் கதிர் என எழுதி
நான்காவதாக அவர் பெயரைச் சேர்த்தேன்.
அடிக்கக்கூடும், கோயம்புத்தூரிலிருந்து.
அடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.